இளம்பெண்களும் உடை மோகமும்

(பெற்றோர்களும் பள்ளி மாணவ மாணவிகளும் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)

முன்னால் இடம் காலியாக இருந்தும் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் மாணவிகளே!

இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்ட விஷயம் "இளம்பெண்களும் உடை மோகமும்" என்பதாகும். இந்தத் தலைப்பைக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. மாணவிகளைக் கேட்டிருந்தால் "பெற்றோர்களும் உடைப் பயமும்" என்று கொடுத்திருப்பார்கள். ஆகையால் இரண்டு கட்சியையும் சேர்த்தே பேசலாம் என்று உத்தேசித்திருக்கிறேன்.

பெற்றோர்கள் சொல்லும் குறை என்னவென்றால், பெண்ணுக்கு 12, 13 வயது ஆகிறவரையில் நாம் வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். அதற்குப் பிறகு கண்ணாடி முன் அரைமணி நேரம் நிற்கிறாள். பத்திரிகைகளில் வரும் உடைப் படங்களைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைக்கிறாள். கைப்பேசியில் யார் யாரோ உடுத்திக் காட்டுவதையெல்லாம் பார்த்துச் சேர்த்து வைக்கிறாள். இந்த நிறத்துக்கு அந்த நிறம் பொருந்தாது என்று நமக்கே புத்தி சொல்லுகிறாள். இதனால் படிப்புக் கெடுகிறது, பணம் கெடுகிறது, பண்பாடு கெடுகிறது என்பதாகும்.

படிப்புக் கெடுகிறதென்றால் அது கவனிக்க வேண்டிய காரியந்தான். பணம் கெடுகிறதென்றாலும் கணக்குப் பார்த்துத் தீர்த்துக் கொள்ளலாம். ஆனால் மூன்றாவதாகச் சொன்னார்களே பண்பாடு, அதைச் சற்று விசாரித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நம்முடைய பாட்டனார்களும் முப்பாட்டனார்களும் குடுமி வைத்திருந்தார்கள். காதில் கடுக்கன் போட்டிருந்தார்கள். அவர்கள் பேரன்மார்கள் குடுமியை எடுத்தார்கள், கிராப்பு வைத்தார்கள், வேட்டியை விட்டுக் கால்சட்டை மாட்டிக் கொண்டார்கள். நாடு முழுகிவிட்டதென்று யாராவது ஒப்பாரி வைத்தார்களா? இன்றைக்கும் பையன் காதுக்கு மேல் ஒட்டச் சிரைத்து, உச்சியில் குருவிக்கூடு மாதிரி வைத்துக்கொண்டு வந்து நின்றால், "காலம் அப்படி இருக்கிறது" என்று தகப்பனார் சிரித்துக்கொண்டு போய்விடுகிறார். தங்கை துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் மாத்திரம் தமிழ்நாடே அவிழ்ந்து விழுந்துவிட்டதுபோல் கூச்சல் போடுகிறார். ஆகப் பண்பாட்டைக் காப்பாற்றுகிற உத்தியோகம் ஒன்று இருக்கிறது. அந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது. அதை வீட்டிலிருக்கும் பெண்களின் தலையில், அதிலும் 15 வயதுப் பெண்ணின் தலையில், கட்டிவிட்டிருக்கிறோம்.

எது நம்முடைய பழைய உடை என்று இவர்களைக் கேட்டால், புடவையும் ரவிக்கையும் என்று சொல்லுவார்கள். ரவிக்கை எப்போது வந்தது? இந்தக் கூட்டத்தில் 70, 80 வயதுக்காரர்கள் இருப்பார்கள். உங்கள் பாட்டிமார்களில் எத்தனை பேர் ரவிக்கை போட்டிருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இன்று பண்பாடு என்று எதைச் சொல்லுகிறோமோ அது அந்தப் பாட்டிக்குப் புதுமோகமாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? இரவில் படுக்கையில் போட்டுக்கொள்வதற்கென்று வந்த நைட்டி இன்று தெருக்குழாயடி, காய்கறி வண்டி, பால் பூத் வரையில் ஒரு துண்டை மேலே போட்டுக்கொண்டு போய் வருகிறது. அதை உடுத்திக்கொண்டு போகிற தாய்மார்கள் சௌகரியத்தை உத்தேசித்து அப்படிச் செய்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சௌகரியம் மகளுக்கும் உண்டா இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

அன்றியும், இந்த நாட்டில் "உன் நிலைமைக்குத் தகுந்தபடி உடுத்து" என்கிற வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து முதலில் வந்ததல்ல. அது சாதிக்காரன் வாயிலிருந்து வந்த வார்த்தை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி ஜில்லாவில், சாணார் என்றழைக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் மார்பின்மேல் சீலை போடக்கூடாது என்று இருந்தது. 1822-ல் போட்டவர்களைச் சந்தையிலும் தெருவிலும் பிடித்துக் கிழித்தார்கள். 1829-ல் போடக்கூடாதென்று அரசாங்கமே உத்தரவு போட்டது. 1858, 1859-ல் மறுபடியும் கலகம், அடிதடி, வீடு கொளுத்தல். கடைசியில் சென்னைக் கவர்னராயிருந்த டிரெவிலியன் நெருக்கியதன் பேரில் 1859-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி மேலாடை போட்டுக்கொள்ளலாம் என்று மகாராஜா பிரகடனம் செய்தார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரியில் உடுத்தக் கூடாது என்று ஒரு வால் வைத்திருந்தார்கள். உடுத்தலாமாம், ஆனால் அழகாக உடுத்தக் கூடாதாம்!

இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் நடந்தது இன்னும் தெளிவான சங்கதி. அங்கே மேல்சாதியார் என்று தங்களைச் சொல்லிக் கொண்டவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டையும் பனியனும் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறினவர்கள் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பூ வைத்துக் கொள்வதும் கிராப்பு வெட்டிக் கொள்வதும் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள், அதற்காகக் குடிசையைக் கொளுத்துவானேன் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1927-ல் மகாத்தில் டாக்டர் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட பெண்களைக் கூட்டிவைத்து, மற்றப் பெண்கள் கட்டுகிற மாதிரியே புடவை கட்டுங்கள், உங்கள் சாதியை உங்கள் உடையைக் கொண்டு யாரும் கண்டுபிடிக்கும்படி வைக்காதீர்கள் என்று சொன்னதும் இதை உத்தேசித்துத்தான். இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2012-ல் இதே தமிழ்நாட்டில் ஒரு கட்சித் தலைவர், தலித் வாலிபர்கள் ஜீன்ஸும் டீ சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார்.

ஆகையால், இன்னார் இன்னதைத்தான் உடுத்த வேண்டும் என்று யாராவது சொல்ல வந்தால், சொல்லுகிறவன் யார், அவனுக்கு இதில் என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும். பெண்பிள்ளைக்குத் தன் உடையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டாகிறது என்றால், அவளுக்கு அபிப்பிராயம் என்ற ஒன்று உண்டாக ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் அது உடையில் உண்டாகும். பிறகு படிப்பில் உண்டாகும். பிறகு கலியாணத்தில் உண்டாகும். பெற்றோர்களில் சிலருக்கு உள்ளபடி பயம் அந்த மூன்றாவதைப் பற்றித்தான் என்று எனக்குச் சந்தேகம்.

நிற்க. இவ்வளவும் கேட்டுவிட்டுப் பின்வரிசையில் கைதட்டினவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உங்கள் கட்சியையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அப்பா சொன்னதை ஏன் என்று கேட்கிறீர்கள், சரி. பத்திரிகை சொன்னதை ஏன் என்று கேட்டீர்களா?

அமெரிக்காவில் "செவன்டீன்" என்று ஒரு பத்திரிகை 1944-ம் வருஷம் செப்டம்பரில் ஆரம்பிக்கப்பட்டது. பெயரே 17 வயது. அதற்கு முன் அந்த நாட்டிலும் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கென்று தனி உடை அதிகம் கிடையாது. ஒன்று குழந்தை உடை, அல்லது அம்மாவின் உடையைக் குறைத்துத் தைத்தது. ஹெலன் வாலன்டைன் என்ற அம்மையார் ஆசிரியையாக இருந்து, இந்த வயதுப் பெண்களை மூளையுள்ளவர்களாக மதித்து எழுத வேண்டும் என்று தொடங்கினார். உடையோடுகூட யுத்தத்தைப் பற்றியும் ஓட்டைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் அதில் எழுதினார்கள். முதல் இதழ் 4 லட்சம் பிரதிகள் சில நாட்களுக்குள் தீர்ந்துவிட்டன. இது வரையில் நல்ல காரியந்தான்.

ஆனால் பத்திரிகை நடப்பது விளம்பரத்தினால். ஆகவே அந்தக் காரியாலயத்திலேயே இன்னொரு பக்கத்தில் என்ன செய்தார்கள் என்றால், பெண்பிள்ளைகளையும் அவர்கள் தாய்மார்களையும் பேட்டி கண்டு கணக்கெடுத்து, அந்தக் கணக்கிலிருந்து "டீனா" என்று ஒரு கற்பனைப் பெண்ணை உண்டாக்கினார்கள். டீனாவின் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அவள் எதை வாங்குகிறாள், அம்மாவின் மனத்தை எப்படி மாற்றுகிறாள், சிநேகிதி போட்டதைத் தானும் போட வேண்டுமென்று எப்படித் துடிக்கிறாள் என்பதையெல்லாம் அச்சடித்துத் துணிக் கம்பெனிக்காரர்களிடமும் சோப்புக் கம்பெனிக்காரர்களிடமும் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதாவது, பெண் காசு கொடுத்துப் பத்திரிகையை வாங்கிக்கொண்டிருக்கும் போதே, பத்திரிகை அந்தப் பெண்ணைக் காட்டிக் கம்பெனிக்காரனிடம் காசு வாங்கிக் கொண்டிருந்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையைப் போட்டு விலை பேசுவார்கள். மாட்டுக்குத் தன் விலை தெரியாது. அதுபோலத்தான் டீனாவுக்கும் தெரியாது. அந்தப் பத்திரிகை மாதாமாதம் அச்சாவது 2018-ன் கடைசியோடு ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. ஆனால் வியாபாரம் நிற்கவில்லை, கைப்பேசிக்குள் போய்விட்டது. அங்கே டீனாவைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியங்கூட இல்லை. நீங்கள் எந்தப் படத்தை எத்தனை விநாடி பார்த்தீர்கள் என்பது வரையில் உங்கள் பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். துணி வாங்கினால் தப்பா என்று கேட்கலாம். துணியோடு நின்றால் தப்பில்லை. ஆனால் திருப்தியோடு இருக்கிறவளிடம் எதையும் விற்க முடியாது என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆகையால் துணி விற்பதற்கு முன் அவன் அதிருப்தியை விற்க வேண்டியிருக்கிறது. பிஜித் தீவில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல்தான் டெலிவிஷன் வந்தது. அங்கே உடம்பு பூசினாற்போல் இருப்பதுதான் அழகு, அதுதான் நன்றாகச் சாப்பிடுகிற வீட்டுப் பெண்ணுக்கு அடையாளம். ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அந்த வருஷமே பள்ளிப் பெண்களைக் கேட்டபோது, இளைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுப்பவள் ஒருத்திகூட இல்லை. 1998-ல் மறுபடியும் போய்க் கேட்டபோது 100-க்கு 11 பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். மூன்று வருஷம், ஒரு பெட்டி, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமை நடத்துகிற கம்பெனி தனக்குள்ளேயே செய்துகொண்ட ஆராய்ச்சி 2021-ல் வெளியே வந்தது. தங்கள் உடம்பைப் பற்றி வருத்தம் தோன்றுகிறபோது இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று பதின்வயதுப் பெண்களில் 100-க்கு 32 பேர் சொன்னதாக அதில் இருந்தது. கம்பெனிக்கு இது தெரியும். பெற்றோர்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். நம்மவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். வெயில் நாட்டில் இருக்கிறவன் கறுப்பாயிருப்பது இயற்கை. இந்த நாட்டில் 1975-ல் "ஃபேர் அண்ட் லவ்லி" என்று ஒரு பசையை விற்க ஆரம்பித்து, வெளுத்தால்தான் வேலை கிடைக்கும், வெளுத்தால்தான் மாப்பிள்ளை கிடைப்பான் என்று 40 வருஷங்களுக்கு மேல் படம் காட்டினார்கள். உலகமெல்லாம் நிறவெறியைக் கண்டித்துக் கிளம்பிய 2020-ல் பெயரிலிருந்து "ஃபேர்" என்பதை எடுத்துவிட்டு "குளோ" என்று வைத்துக் கொண்டார்கள். பெயர் போயிற்று, பெண் பார்க்க வருகிறவன் "பெண் கலர் எப்படி?" என்று கேட்பது போகவில்லை. இந்த இடத்தில் பெற்றோர்களும் கம்பெனிக்காரனும் எவ்வளவு ஒற்றுமையாய் இருக்கிறார்கள் பாருங்கள்! ஜீன்ஸ் வாங்கிக் கொடுக்க மறுக்கிற வீட்டில் வெளுப்புப் பசை மாத்திரம் மாதம் தவறாமல் மளிகைச் சீட்டில் எழுதப்படுகிறது.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். கடையில் ஒரு சட்டையைக் கையிலெடுக்கும் 16 வயதுப் பெண்ணுக்கு, அந்த நூலை நூற்றவளும் 16 வயதுப் பெண்ணாயிருந்திருக்கலாம் என்பது தெரியாது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லா நூற்பாலைகளில், 2000-ஐ ஒட்டிய வருஷங்களிலிருந்து, சுமங்கலித் திட்டம் என்றும் திருமாங்கல்யத் திட்டம் என்றும் பெயர் வைத்துக் கிராமத்து ஏழைப் பெண்களை ஆலைக்குள்ளேயே விடுதியில் தங்கவைத்து மூன்று வருஷம் வேலை வாங்கினார்கள். முடிவில் ஒரு மொத்தத் தொகை கொடுப்போம், அதைக் கலியாணத்துக்கு வைத்துக் கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். நடுவில் நோய் வந்து வீட்டுக்குப் போய்விட்டால் அந்தத் தொகையை இழந்தவர்கள் ஏராளம். வரதட்சணை கூடாதென்று சட்டம் வந்தது 1961-ல். அதற்கு 40 வருஷத்துக்குப் பிறகு வரதட்சணைக்காகவே ஒரு பெண் ஆலைக்குள் அடைபடுகிறாள். அதற்குத் தாலியின் பெயரையே வைக்கிறார்கள்! வெளியே இருக்கிற பெண்ணுக்குப் புதுமாதிரி உடை. உள்ளே இருக்கிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதற்குக்கூட காவலாளியின் துணை. டாக்காவுக்குப் பக்கத்தில் 2013 ஏப்ரல் 24-ந் தேதி ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து, மேல்நாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்துக் கொண்டிருந்த 1,100-க்கு மேற்பட்டவர்கள் செத்ததும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான்.

இதையெல்லாம் கேட்டவுடன், "பார்த்தாயா, அதனால்தான் பத்திரிகையைத் தூக்கி எறி என்கிறேன்" என்று ஒரு தகப்பனார் மகளிடம் இப்போதே முணுமுணுக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே செவன்டீன் பத்திரிகைக்கு 2012-ல் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். மெய்ன் மாகாணத்தில் 14 வயதுப் பெண் ஒருத்தி அந்தப் பத்திரிகையை விரும்பிப் படிக்கிறவள். அவள் நடனம் கற்றுக்கொள்ளும் வகுப்பில் கூட இருந்த பெண்களெல்லாம் தாங்கள் குண்டாக இருப்பதாகச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்கள். இவர்கள் குண்டென்றால் எதைப் பார்த்து அப்படி நினைக்கிறார்கள் என்று அவள் யோசித்தாள். பத்திரிகைப் படங்களில் இடுப்பைக் குறைத்து, பருவை அழித்து, கம்ப்யூட்டரில் திருத்தித்தான் போடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே, மாதம் ஒரு தடவையாவது திருத்தாத படங்களைப் போடுங்கள் என்று ஒரு விண்ணப்பம் எழுதி இணையத்தில் வெளியிட்டாள். 80,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நியூயார்க்கில் பத்திரிகைக் காரியாலயத்தின் வாசலுக்கே போய்ச் சிநேகிதிகளோடு நின்றாள். ஆசிரியை அவளை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அந்த வருஷம் ஆகஸ்ட் இதழில், பெண்களுடைய முகத்தின் வடிவத்தையும் உடம்பின் வடிவத்தையும் திருத்திப் போடமாட்டோம் என்று பத்திரிகை எழுதிக் கொடுத்தது.

அவள் பத்திரிகையைக் கொளுத்தவில்லை, படிக்காமலும் இருக்கவில்லை. விரும்பிப் படித்தவள் என்பதால்தான் அதில் இருந்த புளுகு அவள் கண்ணுக்குப் பட்டது. அவள் தாய் தகப்பன்மார் 12 வயதிலேயே அந்தப் பத்திரிகையைப் பிடுங்கிக் கிழித்திருந்தால், அவள் ஒளித்து வைத்துப் படித்திருப்பாள். ஒளித்துப் படிக்கிறவள் கேள்வி கேட்கமாட்டாள்.

சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள ஓக் பார்க் என்ற ஊரில் டாவி கெவின்சன் என்ற பெண் 2008-ல், 11 வயதில், தான் உடுத்துவதைத் தானே படமெடுத்து உடைகளைப் பற்றி இணையத்தில் எழுத ஆரம்பித்தாள். பழந்துணிக் கடையில் பொறுக்கியதையும் வீட்டில் கிடந்ததையும் சேர்த்து உடுத்துவாள். எழுத்தின் யோக்கியதையைப் பார்த்து, 13 வயதில் அவளைப் பாரிஸ் உடைக் காட்சிக்கு அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் தலையில் கட்டியிருந்த பெரிய நாடாப் பூவினால் பின்னாலிருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை என்று புகார்கூட வந்தது! 2011-ல், 15 வயதில், பெண்பிள்ளைகளே எழுதுகிற "ரூக்கி" என்ற இணையப் பத்திரிகையை அவள் ஆரம்பித்து 2018 வரை நடத்தினாள். உடையில் தொடங்கிய ஆசை எழுத்தாக, பத்திரிகையாக, பெண்களின் நிலைமையைப் பற்றிய விசாரணையாகப் போயிற்று. எல்லாப் பெண்களும் இப்படி ஆவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் படம் ஒட்டுகிறவள் வீணாய்ப் போகிறாள் என்று முடிவு கட்டிவிடுவதற்கு நமக்கு என்ன ஆதாரம் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே தாய்மார்களுக்கு நான் சொல்லுவது, அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அவளோடு உட்கார்ந்து பாருங்கள். இந்தப் படத்தில் உனக்குப் பிடித்தது துணியா, நிறமா, அந்தப் பெண்ணின் ஒட்டிய வயிறா என்று கேளுங்கள். இதை வெளியிடக் காசு கொடுத்தது யார் என்று அவளையே கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். துணிக்கென்று வருஷத்துக்கு நீங்கள் செலவு செய்யக்கூடிய தொகையைத் தீபாவளியன்று கடையில் சண்டை போட்டுச் செலவழிக்காமல் அவள் கையிலேயே கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். முதல் வருஷம் ஒரே சட்டையில் முக்கால்வாசிப் பணத்தைத் தொலைப்பாள். அடுத்த வருஷம் தொலைக்கமாட்டாள். தையல் தெரிந்த வீடாயிருந்தால் பழைய புடவையை அவளிடம் வெட்டக் கொடுங்கள். கெட்டால் ஒரு புடவை கெடும். பையனுக்கும் அதே தையலைச் சொல்லிக் கொடுக்கலாம். ஊசி பிடித்தால் ஆண்மை குறைந்து போகாது. ஊரில் தையற்கடை வைத்திருக்கிறவர்களெல்லாம் பெரும்பாலும் ஆண்கள்தானே!

மாணவிகளுக்கு ஒரு சிறு சங்கதி. இலண்டனில் 1881-ல் பெண்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் பகுத்தறிவு உடைச் சங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண் இடுப்பை எலும்புக் கச்சினால் இறுக்கிக் கட்டி, பாவாடைக்குள் பாவாடையாக அடுக்கி, நடக்க முடியாமல் நடந்து கொண்டிருந்தாள். உள்ளாடையெல்லாம் சேர்ந்து 7 ராத்தலுக்கு, அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு, மிஞ்சக்கூடாது என்று அவர்கள் கேட்டார்கள் என்றால், அதற்கு முன் எவ்வளவு சுமந்திருப்பார்கள் என்று பார்த்துக் கொள்ளுங்கள். அந்தச் சங்கத்து ஹார்பர்ட்டன் சீமாட்டி 1898-ல் சைக்கிளில் போய் ஒரு விடுதியில் சாப்பாடு கேட்டார். கால்சட்டை உடுத்தியிருந்ததற்காக அவரைச் சாப்பாட்டு அறையில் விடவில்லை. வழக்கு நடந்து, அதிலும் தோற்றுப் போனார். ஆனாலும் சைக்கிள் நின்றதா? கால்சட்டைதான் நின்றதா?

அவர்கள் கேட்டபடியே நீங்களும் ஒவ்வொரு உடையையும் கேட்டுப் பாருங்கள்: இதைப் போட்டுக்கொண்டு ஓட முடியுமா? பஸ் ஏற முடியுமா? வியர்வைக்கு ஆகுமா? துவைத்தால் நிற்குமா? முக்கியமாக, இதில் பை இருக்கிறதா? ஆணின் சட்டையில் ஒரு பை, கால்சட்டையில் நாலு பை. பெண்ணின் உடையில் ஆயிரம் ரூபாய்க்கு மணி கோத்திருக்கும். பத்து ரூபாய்க் காசு வைக்க ஒரு பை இருக்காது. பெண்ணின் கையில் காசு எதற்கு என்று நினைத்த காலத்தில் தைத்த மாதிரி அது. அதே மாதிரியைப் புதுநாகரிகம் என்று இன்னும் விற்கிறான். நீங்களும் வாங்கிக்கொண்டு வந்து கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டே அலைகிறீர்கள். அடுத்த தடவை தையற்காரரிடம் அளவு கொடுக்கும்போது இரண்டு பக்கமும் பை வைக்கச் சொல்லுங்கள். சுடிதாரில் பை வைத்தால் தொங்கும் என்பார். தொங்கட்டும் என்று சொல்லுங்கள்.

நேரமாகிவிட்டது. ஆக்ஷேபணை உள்ளவர்கள் எழுதியும் கொடுக்கலாம், எழுந்து நின்றும் கேட்கலாம். பெற்றோர்கள் வீட்டில் தினமும் கேட்கிறார்களாகையால், இங்கே முதலில் பின்வரிசையில் இருப்பவர்கள் கேட்கட்டும்.